தாத்தா தலையாட்டிவிட்டார்

சனிக்கிழமை சாயங்காலம் ஜெப்சன் வீட்டு வாசலில் நடந்ததைப் போன வாரமே படித்தவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஜெப்சனால்தான் தாண்ட முடியவில்லை.

ஏற்காட்டில் சபையின் கேரல் குழு வீடு வீடாகப் பாடி வரும்போது கூடவே ஒரு கிறிஸ்மஸ் தாத்தாவும் ஆடி வருவார். சிவப்பு அங்கி, வயிற்றில் தலையணை, பஞ்சுத் தாடி, கன்னம் உப்பிய பிளாஸ்டிக் முகமூடி. உள்ளே யார் என்பது பரம ரகசியம். குழுவின் செயலாளர் ஏசுராஜ் இதற்கென்று ஒரு சட்டமே போட்டிருந்தார். தாத்தா வாயைத் திறக்கக் கூடாது. குரல் காட்டிக் கொடுத்துவிடும். பிள்ளைகள் என்ன கேட்டாலும் 'ஆமாம்' என்று தலையாட்ட வேண்டும். 'இல்லை' என்று ஆட்டினால் பிள்ளை அழும், பாட்டு கெடும், அடுத்த வீட்டில் போட்டு வைத்த காப்பி ஆறிப்போகும்.

இந்த வருஷம் முகமூடிக்குள் ஜெப்சன். சொந்த வீட்டு வாசலில் அவன் குதித்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய எட்டு வயது மகள் ஷீனா முன்னால் வந்தாள். டிரம் அடித்தவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். டிரம் நின்றது.

"தாத்தா, இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கம்மா ஊட்டுக்கு வந்துருவாங்களா?"

தாத்தா தலையாட்டிவிட்டார்.

ஷீனாவின் அம்மா சுஜாதா மஸ்கட்டில் நர்ஸ். போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிறந்தது கிளியூரில், மலை விவசாயி பொன்னுவேலின் வீட்டில். வாழ்க்கைப்பட்டது ஜெப்சனின் கிறிஸ்தவக் குடும்பத்தில். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. பேரைப் பார்த்தார்கள், தீபாவளிக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். கிறிஸ்மஸுக்குக் கேட்டபோது, "உன் பண்டிகைதான் முடிந்துவிட்டதே" என்றார் மேட்ரன். ஆக, அவள் வரப்போவதில்லை. இது ஜெப்சனுக்குத் தெரியும். ஷீனாவுக்குத் தெரியாது. தலையாட்டும்போது ஜெப்சனுக்கு இது நன்றாகவே ஞாபகம் இருந்தது என்பதுதான் விஷயம்.

போன வாரம் ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். ஆரஞ்சு மூட்டையோடு வந்திருந்த மாமனார் பொன்னுவேல், தாத்தா தலையாட்டியதைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஜெப்சன் அதைக் குளிருக்கு என்று நினைத்துவிட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா ஜெயமேரி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஜெப்சனின் கூடப் பிறந்தவள். குடியிருப்பது பக்கத்து வீட்டில்தான், ஆனால் சுஜாதா போனதிலிருந்து சமையல் இங்கேதான். அச்சுமுறுக்கு ஒவ்வொன்றாக எண்ணெயில் விழுந்து விரிந்தது. அக்காவின் பேச்சும் அப்படியே விழுந்தது.

"இன்னைக்கே சொல்லிப்போடு."

"எதைக்கா?"

"தாத்தான்னு ஒருத்தர் கிடையாதுன்னு. தாத்தாவே இல்லைன்னா அவரு தலையாட்டினதும் இல்லைன்னு ஆயிருமில்ல? சுஜாதா வரலைன்னாலும் யாரும் புள்ளைகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆகாது."

இதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று ஜெப்சனுக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

"எட்டு வயசுதானேக்கா ஆவுது?"

"ஏழுல சொன்னா அழுவாங்க. ஒம்பதுல சொன்னா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க. எட்டுதான் பதம்." அக்கா ஒரு முறுக்கைத் திருப்பிப் போட்டாள். "ஆனா பட்டுன்னு போட்டு உடைச்சிராத. நிக்கோலாஸ்னு ஒரு ஆயர் இருந்தாருன்னு ஆரம்பி. நொம்ப நல்லவரு, ஏழைங்களுக்கு குடுத்தாருன்னு சொல்லு. அவரு இப்ப இல்ல, ஆனா அவரு மனசு எல்லாருகிட்டயும் இருக்குதுன்னு முடி."

"அப்ப இருக்காருன்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா?"

"இல்லைன்னுதான் சொல்லணும். ஆனா இல்லைங்கற வார்த்தை வரக்கூடாது."

"நீ இந்த மாதிரி எத்தனை புள்ளைங்களுக்கு சொல்லியிருக்கே?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நான் சண்டே கிளாஸ் டீச்சர், அங்க இதெல்லாம் பேசக்கூடாதுடா. பெத்தவங்கதான் சொல்லணும்."

தனக்கு யார் சொன்னார்கள் என்று ஜெப்சன் யோசித்துப் பார்த்தான். யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. சின்ன வயதில் முகமூடியைக் கண்டு பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தான். பெரியவனானதும் அங்கியைக் கையில் கொடுத்து, "தலையணைய இறுக்கிக் கட்டிக்கோ" என்றார்கள். நடுவில் எந்த அறிவிப்பும் வரவில்லை. கறாராகப் பார்த்தால், கிறிஸ்மஸ் தாத்தா கிடையாது என்று அவனுக்கே இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை.

"போற வழியில சொல்றேன்" என்றான்.

மதியச் சாப்பாட்டுக்குக் கிளியூர் வரச்சொல்லி மாமனார் காலையிலேயே போன் செய்திருந்தார். காரணம் கேட்டதற்கு, "வாங்க மாப்ள, வேலை நொம்ப கெடக்குது" என்று மட்டும் சொன்னார்.

*

பைக்கில் முன்னால் உட்கார்ந்தால் பனி முகத்தில் அடிக்கும் என்று ஷீனா பின்னால் உட்கார்ந்து அப்பாவின் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், கீழே காப்பிச் செடிகள். சேலத்திலிருந்து ஏறி வந்த ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் எதிரே ஹாரன் அடித்துக்கொண்டே போயின. ஒரு உண்மையைச் சொல்வதற்கு இதைவிட மோசமான இடம் அமையாது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ஜெப்சனுக்கு அதுவே வசதியாக இருந்தது.

"கண்ணு, நிக்கோலாஸ்னு ஒரு ஆயர் இருந்தாரு."

"எந்த சபைப்பா?"

"சபையெல்லாம் இல்ல. வெளிநாட்டுல. நொம்ப வருஷத்துக்கு முன்னால."

"மஸ்கட்லயா?"

"அதுக்கும் அக்கட்டால. நொம்ப நல்லவரு. புள்ளைங்களுக்கெல்லாம் ரகசியமா பொருள் குடுப்பாரு. அவருதான் கிறிஸ்மஸ் தாத்தா."

"சரி."

"இப்ப அவரு செத்துட்டாரு."

ஸ்வெட்டர் இறுகியது.

"எப்ப?" என்றாள் ஷீனா.

"நொம்ப காலம் ஆச்சு கண்ணு."

"அப்ப நேத்து வந்தது?"

"அது அவரு இல்ல. அவரு மனசு."

"மனசு எப்படிப்பா அச்சுமுறுக்கு திங்கும்? அத்தை குடுத்தாங்க, முகமூடியைத் தூக்கிட்டு நாலு தின்னாரு."

ஜெப்சன் இதற்குப் பதில் தேடுவதற்குள் வளைவில் இரண்டு காட்டெருமைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பைக்கை அணைத்தான். காட்டெருமைக்கு யாரும் அவசரம் காட்டக் கூடாது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். ஒன்று அவர்களைப் பார்த்தது. இன்னொன்று பார்க்கக்கூட இல்லை.

"அப்ப செத்தவரு தலையாட்டினாருன்னா," என்று ஷீனா காதுக்குள் கிசுகிசுத்தாள், "அம்மா வருவாங்களா, மாட்டாங்களா?"

"அது வந்து கண்ணு..."

"வருவாங்களா, மாட்டாங்களா?"

"பாக்கலாம்" என்றான் ஜெப்சன்.

எஸ்டேட்டில் அவன் ரைட்டர். ஆட்களின் வருகையை எழுதுவதும், அவர்கள் கேட்பதையெல்லாம் கேட்டுக்கொள்வதும் வேலை. லீவு கேட்டால் பாக்கலாம், முன்பணம் கேட்டால் பாக்கலாம், கம்பளி கேட்டால் பாக்கலாம். பத்து வருஷமாக அவன் யாருக்கும் மறுத்ததில்லை, யாருக்கும் கொடுத்ததும் இல்லை. நல்ல மனுஷன் என்று பேர்.

ஷீனா ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

*

கிளியூரில் மாமனார் வீட்டைப் பார்த்ததும் ஜெப்சனுக்கு முதலில் வீடு மாறி வந்துவிட்டோமோ என்றிருந்தது. சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு. களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டையை ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு நடுவில் சாணி தெளித்திருந்தார்கள். பலாமரத்தடியில் ஒரு வெள்ளைக் கெடா, நெற்றியில் மஞ்சளோடு, என்ன ஏது என்று தெரியாமல் நின்றது. அந்த வளாகத்திலேயே ஜெப்சனின் மனநிலையை அதுதான் சரியாகப் பிரதிபலித்தது.

"வாங்க மாப்ள! வா சாமி!" பொன்னுவேல் கையெல்லாம் சுண்ணாம்போடு வந்தார். ஷீனா, "அப்புச்சி, கெடா யாருது?" என்று கேட்டுக்கொண்டே அதனிடம் ஓடினாள்.

"என்னங்க மாமா இதெல்லாம்?"

"மவ வருதில்லீங்களா. ரெண்டு வருஷங்கழிச்சு வாரவ பாசி புடிச்ச செவுத்தையா பாக்கறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களை ஒண்ணு கேக்கோணும்னுதான் வரச்சொன்னேன். உங்க தாத்தா கறி சாப்புடுவாரா, சைவமுங்களா?"

"எந்தத் தாத்தாங்க?"

"அட, நேத்து வாக்கு குடுத்தாரில்லீங்க. செவப்புச் சட்டைக்காரரு. கெடா நேந்துக்கிட்டேன். அவரு சைவம்னா மாத்திப்போடலாம், பொங்கல் வெச்சுக்கலாம்."

ஜெப்சன் களத்துமேட்டில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டிய உண்மையைத் தயார் செய்துகொண்டு வந்தால், வரிசையில் அதற்கு முன்னால் அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நிற்கிறார். இந்த வயதுக்கு எந்தப் பதம் என்று அக்கா சொல்லித் தரவில்லை.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. அது சாமி இல்லீங்க. வேஷம். உள்ள ஆளு இருக்குது."

பொன்னுவேல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உள்ள ஆளு இல்லாம சட்டை தானாவா ஆடும் மாப்ள?"

"இல்லீங்க, நான் என்ன சொல்றேன்னா..."

"எங்க கோயல்ல சாமி வந்து ஆடுறது யாருங்கறீங்க? என்ற சித்தப்பன் மவன். மொத நாளு சாயங்காலம் என்கூட உக்காந்து சீட்டாடி, நாலு ஆட்டம் தோத்துட்டு ஏமாத்தறேன்னு சண்டைக்கு வந்தவன். மறுநா பட்டுக் கட்டிக்கிட்டு ஆடி, 'மழை வரும்'னு சொல்றான். அதுக்குன்னு போய், 'ஏண்டா, நீ நேத்து சீட்டாடினவன்தானே'ன்னு கேப்பனா? கேட்டா அது மொறையா? வேஷம் கட்டி நின்னு சொன்னா வாக்கு. கழட்டிப் போட்டா பங்காளி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கொழப்பமும் இல்லீங்களே."

ஜெப்சனுக்கு மட்டும் இருந்தது. "உள்ள இருந்தது நான்தானுங்க மாமா" என்றான்.

"தெரியுமுங்க. கல்யாணத்தன்னைக்கு என்ற மச்சானுங்க இழுத்துப் போட்டப்பவும் இதே ஆட்டந்தானே ஆடுனீங்க. கோழி குப்பை கிளர்ற மாதிரி." பொன்னுவேல் சிரித்தார். "அதான் எனக்கு நொம்ப சந்தோசம். வேற ஆளு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன். மருமவனே வாக்கு குடுத்துப்போட்டாருன்னு நேத்தே சுஜாதாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"சுஜாதாவுக்கா?"

"பின்ன? வர்றது அவதானே. அவளுக்குச் சொல்ல வேண்டாமுங்களா?"

ஜெப்சன் போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டூட்டியில் இருப்பாள். மறுபடி அடித்தான். அடுத்த தோட்டத்து முத்தாயி வேலியோரம் வந்து நின்று, "ஏனுங்கண்ணா, நேத்து வாக்கு சொன்ன தாத்தா எங்க தோட்டத்துப் பக்கம் வருவாருங்களா? மாடு ஒண்ணு சினைக்கே நிக்க மாட்டேங்குது" என்று கேட்டாள். பொன்னுவேல், மருமகனைக் கேட்டுச் சொல்வதாகப் பதில் சொன்னார்.

*

சாப்பிட்ட பிறகு ஜெப்சன் ஷீனாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஆரஞ்சு மரங்களுக்குப் பக்கம் போனான். அக்கா சொன்ன முறை, மாமனார் சொன்ன முறை, இரண்டும் தலைக்குள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஆயர் வேண்டாம், மனசு வேண்டாம், நேரே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். தீர்மானித்த பிறகும் முதலில் ஒரு ஆரஞ்சை உரித்தான்.

"கண்ணு, நேத்து தாத்தா வேஷம் போட்டது அப்பாதான்."

"தெரியும்" என்றாள் ஷீனா.

சுளையை எடுத்த கை அப்படியே நின்றது.

"எப்பத் தெரியும்?"

"பார்த்ததுமே. போன வருஷம் வேற யாரோ. அதுக்கு முந்தின வருஷம் ஏசுராஜ் மாமா, அவரு மேல தைல வாசம் வரும். இந்த வருஷம் நீங்க. பைக் சாவி அங்கிக்கு வெளிய தொங்குச்சு."

"அப்புறம் எதுக்கு அத்தனை பேரு முன்னால கேட்ட?"

"ஊட்டுல கேட்டா பாக்கலாம்னு சொல்லுவீங்க. தாத்தான்னா அப்படிச் சொல்ல முடியாதில்ல?"

ஜெப்சனுக்கு முதலில் கோபம் வந்தது. அது யார் மேல் என்று தேடிப்பார்த்து, ஆள் அகப்படாமல், தானே அடங்கிவிட்டது. மகளுக்குச் சொல்ல வேண்டிய உண்மை என்று அவன் சுமந்து வந்தது அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அவளிடம் இல்லாதது வேறு.

"அம்மா வர முடியாது கண்ணு. லீவு குடுக்கல. அப்பாவுக்கு நேத்தே தெரியும்."

ஷீனா அழவில்லை. கீழே கிடந்த ஆரஞ்சுத் தோலைக் காலால் தள்ளித் தள்ளி ஒரு இடமாகச் சேர்த்தாள். பிறகு முகத்தைத் தூக்காமலே கேட்டாள்.

"தெரிஞ்சேவா தலையாட்டினீங்க?"

"அப்படித்தான் ஆட்டணும்னு ரூலு, சாமி."

"நீங்க அம்மாவ வரச்சொன்னீங்களா?"

"லீவு குடுக்கலைன்னா எப்படி..."

"அதில்லப்பா. நீங்க வான்னு சொன்னீங்களா?"

சொந்த வீடு ஒன்று கட்டுகிற வரைக்கும் என்றுதான் சுஜாதா போனது. ஆகஸ்ட் மாதமே வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தாகிவிட்டது. அன்றைக்குப் போனில் சுஜாதா, "அப்புறம் என்னங்க, அடுத்தது?" என்று கேட்டாள். தொந்தரவு கொடுக்கக் கூடாது, அவளே முடிவு செய்யட்டும் என்று இவன், "பாக்கலாம்" என்றான். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை, அங்கேயே இருக்க விருப்பம் போலிருக்கிறது என்று இவன் எடுத்துக்கொண்டான். அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்பதை இந்த நிமிஷம்தான் முதன்முதலாக யோசித்தான்.

போன் அடித்தது. சுஜாதா.

"ஏனுங்க, ரெண்டு தடவை கூப்புட்டிருக்கீங்க. வார்டுல இருந்தேன்."

"சுஜி, உங்கப்பா நேத்து ஏதாச்சும்..."

"சொன்னாரு. தாத்தா வாக்கு குடுத்தாருன்னு." அவள் சிரிப்பது கேட்டது. ஆனால் சிரிப்பு கொஞ்சம் நனைந்திருந்தது. "ராத்திரியெல்லாம் யோசிச்சேனுங்க. காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதில்ல? இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்டிருந்தாங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். மிச்ச லீவைக் கழிச்சுக்கிட்டு கிறிஸ்மஸுக்கு முன்னாலயே கெளம்பலாம்."

"எழுதிக் குடுத்துட்டியா?" என்றான் ஜெப்சன். "உங்கப்பா வாக்குன்னு சொன்னதை வெச்சா?"

"நான் என்ன சின்னப் புள்ளையா? உள்ள நீங்கன்னு அப்பா சொன்னாரு. ரெண்டு வருஷமா உங்க வாயிலிருந்து வராதது தலையிலிருந்தாவது வந்துச்சேன்னு..." நிறுத்திக்கொண்டாள். பின்னால் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்று அங்கே சொல்லிவிட்டுத் திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது.

"ஆனா காலைலருந்து ஒண்ணு மனசுல ஓடிக்கிட்டே இருக்குதுங்க. நானும் அந்த கேரல் குழுவுல ஆறு வருஷம் பாடினவதான். ஏசுராஜண்ணன் சட்டம் எனக்கும் தெரியும். புள்ளைங்க கேட்டா தாத்தா ஆமான்னுதான் ஆட்டணும்."

களத்திலிருந்து பொன்னுவேல் கையைத் துடைத்துக்கொண்டு இவர்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தார்.

"பேப்பர் மேட்ரன் மேசை மேலதான் கெடக்குது. அவங்க இன்னும் பாக்கல, சாயங்காலம்தான் வருவாங்க. நீங்க சட்டத்துக்கு ஆட்டினதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. போய் எடுத்துக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன், நெசமா."

ஷீனா எட்டிப் போனை வாங்கினாள். ஸ்பீக்கரை அழுத்தினாள். பிறகு நுனிக்காலில் நின்று, அதை அப்பாவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.